பன்னி சௌ, சிப்ஸ், கூல்டிரிங்க்: எடை எங்கிருந்து ஏறுகிறது?

உம்கேனிக்கரை:

வணக்கம். 2016இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி தென்னாப்பிரிக்கப் பெண்களில் 68%, ஆண்களில் 31% பேர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் சர்க்கரை வியாதி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் பேச்சு வரும்போதெல்லாம் மூன்று விஷயங்களையே கேட்கிறேன்.

ஒன்று, துரித உணவு என்றால் பர்கரும் பொரித்த கோழியும் விற்கும் பெரிய செயின் கடைகள்தான். பன்னி சௌ (நடுவில் தோண்டிய ரொட்டிக்குள் குழம்பு ஊற்றியது), ரொட்டி ரோல், சமூசா எல்லாம் நம்ம சாப்பாடு, அது கணக்கில் வராது. இரண்டு, எண்ணெயை மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. மூன்று, ஒல்லியாக இருப்பவனுக்குப் பயமில்லை.

மூன்றுமே தவறு என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் அளவோடு, எண்ணோடு எழுதுங்கள். கோயில் விழாக்களில் சிப்ஸ் (நீளமாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு) கடை போடுபவர்களுக்கும் உதவுகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.

பீனிக்ஸ்_உணவியல்:

முதல் விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டு லேபிள்களில் கிலோஜூல்தான் அச்சிடுகிறார்கள், அதனால் அதிலேயே போடுகிறேன். கலோரியில் வேண்டுமானால் 4.2ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 8,400 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு குவார்ட்டர், அதாவது கால் ரொட்டி, மட்டன் பன்னி. முழு லோஃப் 700 கிராம், அதில் கால் பங்கு 175 கிராம். வெள்ளை ரொட்டி 100 கிராமுக்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோஜூல், ஆக ரொட்டி மட்டும் சுமார் 1,800. உள்ளே 120 கிராம் கொழுப்புள்ள மட்டன், ஏறக்குறைய 1,400. குழம்பில் இந்தப் பங்குக்கு ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய், 760. உருளைக்கிழங்கு 80 கிராம், 290. கூட்டினால் 4,250. கூடவே 500 மில்லி கோலா ஒன்று: 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை, மொத்தம் 53 கிராம், 900 கிலோஜூல். ஆகமொத்தம் 5,150. ஒரு நாள் தேவையில் ஐந்தில் மூன்று பங்கு ஒரே உட்காரலில் போய்விட்டது. ஹாஃப் பன்னி என்றால் ரொட்டி மட்டுமே 350 கிராம்.

இந்தக் கணக்கில் தனியாக மிகப் பெரிய எண் எது என்று பாருங்கள். கறி இல்லை, எண்ணெய் இல்லை, ரொட்டி. அதில் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. கடை ரொட்டியில் சோடியம் 100 கிராமுக்கு 380 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது 2019 ஜூனிலிருந்து நம் நாட்டுச் சட்டம். அந்த உச்ச அளவையே எடுத்தாலும் 175 கிராமில் 665 மில்லிகிராம், அதாவது 1.7 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்குக் கீழே. குழம்பு உப்பை இன்னும் சேர்க்கவில்லை.

ஆகவே பலகையில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதை உடம்பு பார்ப்பதில்லை. மிருதுவான மாவு, கொழுப்பு, உப்பு, இனிப்புத் தண்ணீர், பத்து நிமிஷத்தில் முடியும் சாப்பாடு: இது எந்தக் கடையில் கிடைத்தாலும் விளைவு ஒன்றுதான்.

டோங்காட்_கரும்பு:

மேற்கோள்: "ஒரு நாள் தேவையில் ஐந்தில் மூன்று பங்கு"

சரி, ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு நாள் சாப்பிடுகிறவனுக்கு இது என்ன செய்துவிடும்? மறுநாள் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டால் சரியாகிவிடாதா?

பீனிக்ஸ்_உணவியல்:

குறைத்தால் சரியாகும். பெரும்பாலோர் குறைப்பதில்லை, அதுதான் சிக்கல். 2011இல் லான்செட் மருத்துவ இதழில் உடற்பருமன் ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் வெளியிட்ட கணக்கு இதற்கு நன்றாகப் பொருந்தும். தினசரி உணவில் 100 கிலோஜூல் நிரந்தரமாகக் கூடினால், எடை கடைசியில் ஒரு கிலோ கூடி அங்கே நிற்கும். பாதி முதல் வருஷத்திலும், ஏறக்குறைய முழுதும் மூன்று வருஷத்திலும் வந்து சேரும்.

உங்கள் வெள்ளிக்கிழமையைப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான இரவுச் சாப்பாடு 2,500 என்றால், பன்னியும் கோலாவும் அதைவிட 2,650 அதிகம். ஏழு நாளுக்குப் பிரித்தால் தினம் 380. முழுவதும் ஈடுசெய்யப்படாமல் போனால் முடிவில் 3.8 கிலோ. வாரம் மூன்று நாள் என்றால் பதினொரு கிலோவுக்கு மேல். கோலாவை மட்டும் விட்டுவிட்டுப் பன்னியை வைத்துக்கொண்டால் 3.8 என்பது 2.5 ஆகிறது. பன்னியையே தொடாமல் தினமும் 500 மில்லி கோலா குடிப்பவருக்கோ 9 கிலோ. அதனால்தான் என்னிடம் எதை முதலில் நிறுத்தவேண்டும் என்று யார் கேட்டாலும் கூல்டிரிங்க் என்றுதான் சொல்வேன். திரவமாக உள்ளே போகும் சர்க்கரைக்கு வயிறு கணக்கு வைப்பதில்லை. அதைக் குடித்ததற்காக அடுத்த வேளை பெரும்பாலோர் அதே அளவுக்குக் குறைத்துச் சாப்பிடுவதில்லை.

ஏன் கட்டுப்பாடு இல்லாமல் சாப்பிடுகிறோம் என்பதற்கும் அதே ஹால் 2019இல் ஒரு சோதனை செய்தார். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன மருத்துவமனையில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் அதிகம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைத்த ஆற்றல், சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு இரண்டிலும் சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு வாரங்களில் தினம் 500 கலோரி, அதாவது 2,100 கிலோஜூல் அதிகம் சாப்பிட்டார்கள், சராசரி 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே 0.9 கிலோ இறங்கினார்கள். சாப்பிட்ட வேகமும் பதப்படுத்திய உணவில்தான் அதிகம். பல்லுக்கு வேலையில்லாத சாப்பாடு, போதும் என்ற உணர்வு வருமுன் உள்ளே போய்விடுகிறது. இதைக் குணக்கேடு, நாக்குச் சபலம் என்று திட்டுவதை நாம் நிறுத்தவேண்டும்.

எண்ணெய்ச்சட்டி:

சிப்ஸ் பற்றிக் கேட்டிருந்தார்கள். பெரிய அளவில் பொரிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எண்ணெய் கிழங்குக்குள் போவது பெரும்பாலும் சட்டியில் இருக்கும்போது நடப்பதில்லை, வெளியே எடுத்த பிறகு நடக்கிறது. பொரியும்போது உள்ளிருந்து நீராவி வேகமாக வெளியேறிக்கொண்டே இருக்கும், எண்ணெய் நுழைய வழியில்லை. வெளியே எடுத்ததும் அந்த ஆவி குளிர்ந்து சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே கூடையைத் தூக்கிய முதல் அரை நிமிஷம்தான் முக்கியம். சட்டிக்கு மேலேயே கூடையை நன்றாக நாலைந்து முறை உதறி, 20 முதல் 30 விநாடி தொங்கவிட வேண்டும். அவசரத்தில் நேரே காகிதத்தில் கொட்டிச் சுருட்டினால் மேலே இருந்த எண்ணெய் முழுதும் உள்ளே.

வெட்டு: 12 மில்லிமீட்டர் கனம். மெல்லிசாக வெட்டினால் எடைக்கு மேற்பரப்பு அதிகம், எண்ணெயும் அதிகம். இரண்டு தண்ணீரில் அலசி, அரை மணி ஊறவைத்து, துணியில் ஈரம் போகத் துடைக்கவும். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் நுரைக்கும், எண்ணெயின் ஆயுளும் குறையும்.

முதல் பொரிப்பு 150 முதல் 160 டிகிரியில் 5, 6 நிமிஷம். எடுத்து ஆறவைக்கவும். இரண்டாவது 175 முதல் 180 டிகிரியில் 2, 3 நிமிஷம், வெளிர் பொன்னிறம் வரும்வரை. கரும்பழுப்பு வேண்டாம், மாவுப்பொருள் கருகக் கருக அக்ரிலமைடு என்ற கெடுதலான வேதிப்பொருள் கூடும். 10 லிட்டர் எண்ணெய்க்கு ஒரு தடவையில் ஒரு கிலோ கிழங்குக்கு மேல் போடக்கூடாது. விழாக் கடைகளில் தவறு நடப்பதே இங்கேதான்: வரிசை நீண்டதும் இரண்டு மூன்று கிலோ கொட்டுகிறார்கள், சூடு சரசரவென்று இறங்குகிறது, மேல்தோல் கட்டுவதற்கு முன் கிழங்கு எண்ணெயில் ஊறுகிறது. வெந்த வாசனை வரும், மொறுமொறுப்பு வராது, கையெல்லாம் எண்ணெய். நம் ஊர் ஸ்லாப் சிப்ஸ், அதாவது வினிகர் தெளித்த சிப்ஸ், மெத்தென்று இருக்கவேண்டியதுதான். அந்த மென்மை வினிகராலும் உள்ளிருக்கும் ஆவியாலும் வரட்டும், குறைந்த சூட்டால் வேண்டாம்.

எண்ணெய்ப் பராமரிப்பு: சட்டிக்கு மேல் உப்புத் தூவாதீர்கள். மிதக்கும் துணுக்குகளை அவ்வப்போது அரித்து எடுங்கள். வியாபாரம் இல்லாத நேரம் சூட்டை 120க்கு இறக்குங்கள். கடை மூடியதும் வடிகட்டுங்கள். நுரை உடையாமல் நின்றாலோ, 170 டிகிரியிலேயே புகைந்தாலோ, பெயின்ட் வாடை அடித்தாலோ, கரண்டியில் பசையாக ஒட்டினாலோ கொட்டிவிட வேண்டியதுதான், மேலே புது எண்ணெய் ஊற்றிச் சமாளிக்க முடியாது.

உம்கேனிக்கரை:

நன்றி அண்ணா. அப்படியானால் எந்த எண்ணெய் என்பது முக்கியமே இல்லையா? சூரியகாந்திக்கு மாறியதால் எடை குறையும் என்று பலர் நம்புகிறார்கள்.

ரோஸ்ஹில்_தமிழ்:

மொரீஷியஸிலிருந்து இதற்கு விடை சொல்லலாம், ஏனென்றால் எங்கள் நாடே இதைச் செய்து பார்த்தது. 1987இல் அரசாங்கம் நியாயவிலை எண்ணெயைப் பெரும்பகுதி பாமாயிலாக இருந்ததிலிருந்து முழுக்கச் சோயா எண்ணெயாக மாற்றியது. எல்லாச் சமையலறைக்கும் போகும் எண்ணெய் அது. 1992இல் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. ஐந்து வருஷத்தில் ஒரு நாடு முழுவதற்கும் இது மிகப் பெரிய இறக்கம்.

ஆனால் அதே ஐந்து வருஷத்தில் அதிக எடையும் உடற்பருமனும் கூடின, சர்க்கரை வியாதி அசையவில்லை. பாமாயிலோ சோயாவோ, ஒரு கிராமுக்கு 37 கிலோஜூல்தானே. எண்ணெய் வகை இதயக் குழாய்க்கு. எண்ணெய் அளவு இடுப்புக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, நல்ல எண்ணெய்தானே என்று தாராளமாக ஊற்றும் வீடுகளை இங்கே நிறையப் பார்க்கலாம்.

எண்ணெய்ச்சட்டி:

ஒன்று சேர்க்கிறேன். தென்னாப்பிரிக்காவில் 2011இலிருந்து எண்ணெய், கொழுப்பு 100 கிராமில் ஆலையில் உருவான டிரான்ஸ் கொழுப்பு 2 கிராமைத் தாண்டக்கூடாது. அந்தப் பழைய பயம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாகப் பை (pie), பேஸ்ட்ரிகளில் பாம் கொழுப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. லேபிளில் நிறைவுற்ற கொழுப்பு என்ற வரியைப் பாருங்கள்.

மெரீபாங்க்_செவிலி:

மூன்றாவது விஷயம், ஒல்லியாக இருப்பவர். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

இந்திய வம்சாவளியினருக்கு அதே எடையில் ஐரோப்பியர்களைவிடக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அந்தக் கொழுப்பும் தோலுக்கடியில் தங்காமல் வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் சேர்கிறது. ஈரலில் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சொல்வதை ஈரல் கேட்காது. சாப்பிடாத நேரத்திலும் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னே: இந்த உடம்பை நம் குடும்பங்களில் யாரும் குண்டு என்று சொல்வதில்லை. ஆபத்து அங்கேதான்.

அதனால்தான் உடல் நிறை எண் (BMI: கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) 25 என்று காத்திருக்காமல், ஆசியர்களுக்கு 23லிருந்தே கவனிக்கச் சொல்கிறார்கள். அதைவிட நல்லது இடுப்பு அளவு: ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80. பேன்ட் அளவை வைத்துச் சொல்லாதீர்கள், ஆண்கள் பேன்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். முறை இது: கடைசி விலா எலும்பின் அடியையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் டேப். சட்டையைத் தூக்கிவிட்டு, வெறும் தோலின் மேல், தரைக்குச் சமமாகச் சுற்றி, சாதாரணமாக மூச்சுவிட்ட கடைசியில் படியுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள், டேப்பை இறுக்காதீர்கள். எண் தாண்டியிருந்தால் கிளினிக்கில் வெறும் வயிற்றுச் சர்க்கரை பாருங்கள். லிட்டருக்கு 7.0 மில்லிமோலும் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை வியாதி, மறு பரிசோதனையில் உறுதிசெய்வார்கள். 6.1 முதல் 6.9 வரை என்றால் திரும்பி வரக்கூடிய கட்டம்.

திரும்பி வரமுடியுமா என்று கேட்பார்கள். முடியும். சென்னையில் சர்க்கரை வியாதிக்கு முந்திய கட்டத்தில் இருந்தவர்களை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவு மாற்றமும் நடையும் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பை 28.5% குறைத்தன. கவனிக்கவேண்டியது, அவர்களுடைய எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் வந்தது. எடைமெஷின் நகரவில்லை என்று மூன்றாவது வாரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்களுக்கு இதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த்_வாத்தியார்:

பள்ளி டக் ஷாப், அதாவது பள்ளிக்குள் இருக்கும் தின்பண்டக் கடை பற்றி. 2018 ஏப்ரல் 1 முதல் சர்க்கரை வரி இருக்கிறது: 100 மில்லியில் முதல் 4 கிராமுக்கு வரியில்லை, அதற்கு மேல் கிராமுக்கு 2.1 சென்ட், 2019இலிருந்து 2.21. மேலே சொன்ன 500 மில்லி கோலாவுக்குப் போட்டால் 33 கிராமுக்கு 73 சென்ட் வருகிறது. வரி வந்தபின் பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள், அது நல்லதே.

ஆனால் 100% பழச்சாறுக்கு வரி இல்லை, அதனால் பெற்றோர் அதை நல்லது என்று நம்பி வாங்குகிறார்கள். 250 மில்லி ஆப்பிள் சாறில் சுமார் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பழச்சாறும் கட்டுப்படுத்தவேண்டிய சர்க்கரைதான். பிள்ளைக்கு முழுப் பழத்தைக் கொடுங்கள், குடிக்கத் தண்ணீர்.

டக் ஷாப் நடத்துபவர்கள் சொல்லும் தடை, ஆரோக்கியமானது விற்காது என்பது. நிறையப் பொருள் வைத்தால் விற்காதுதான். அவித்த மீலீஸ் (மக்காச்சோளம்), 30 கிராம் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம், பீன்ஸ் வைத்த சின்ன ரொட்டி ரோல், பருவப்பழம் ஒன்று: இந்த நான்கோடு நிறுத்துங்கள். வெட்கூக் என்ற பொரித்த மாவு உருண்டையும் சிப்ஸ் பாக்கெட்டும் அதே மேசையில் இருந்தால் இவை தேங்கும், அதனால் வாரத்தில் இரண்டு நாள் அவற்றை அறவே எடுத்துவிடுவதிலிருந்து தொடங்கலாம்.

டோங்காட்_கரும்பு:

இன்னொரு கேள்வி. புரட்டாசி மாதம் முழுக்க நம்மில் நிறையப் பேர் சைவம். ஆனாலும் அந்த மாதத்தில் எடை ஏறுவதாகச் சொல்கிறார்களே?

பீனிக்ஸ்_உணவியல்:

கறி போன இடத்தில் வடை, சில்லி பைட்ஸ் (பஜ்ஜி போன்ற பொரித்த பலகாரம்), பூரி, பாயாசம் வந்தால் ஏறத்தான் செய்யும். வீட்டில் எவ்வளவு எண்ணெய் உள்ளே போகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பொரிக்கும் முன் சட்டியோடு எண்ணெயை எடைபோடுங்கள், ஆறியபின் மறுபடி போடுங்கள், குறைந்ததை எண்ணிக்கையால் வகுங்கள். 60 வடைக்கு 300 கிராம் குறைந்திருந்தால் வடைக்கு 5 கிராம், 185 கிலோஜூல், மாவு தனி. நாலு வடை சாப்பிடுகிறவர் எண்ணெய் மட்டும் 740 எடுத்துக்கொள்கிறார்.

புரட்டாசிக்கு உகந்தது நம் பீன்ஸ் பன்னியேதான், கொஞ்சம் திருத்தினால். மட்டன் 120 கிராமின் இடத்தில் வெந்த சுகர் பீன்ஸ் (புள்ளி விழுந்த பீன்ஸ் வகை) 120 கிராம் வைத்தால் 1,400க்குப் பதில் 550 கிலோஜூல், கூடவே 7 கிராம் நார்ச்சத்து. தோண்டி எடுத்த ரொட்டியை மேலே மூடியாக வைக்கிறார்கள் அல்லவா, அதைச் சாப்பிடாமல் விட்டாலே ரொட்டிக் கணக்கு இறங்கும். கேரட், வெங்காயச் சம்பல்ஸை (பச்சைக் காய்க் கலவையை)க் கரண்டியளவு வைக்காமல் ஒரு கிண்ணம் வையுங்கள்.

எண்ணெய்ச்சட்டி:

பத்துக் குவார்ட்டருக்குப் பீன்ஸ் அளவு: காய்ந்த சுகர் பீன்ஸ் 500 கிராம், 8 முதல் 12 மணி நேரம் ஊறல். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் முதல் 10 நிமிஷம் கொதி அடங்காமல் வேகவைக்க வேண்டும். ஸ்லோ குக்கரில் நேரே போடக்கூடாது, அந்தச் சூடு பீன்ஸில் உள்ள நச்சுப் புரதத்தை அழிக்காது, வாந்தி எடுப்பார்கள். வெந்தபின் 1.2 கிலோ வரும். தாளிக்க 30 மில்லி எண்ணெய் போதும். வெங்காயம் அடிப்பிடித்தால் எண்ணெய் ஊற்றாமல் ஒரு கை தண்ணீர் தெளித்து மூடுங்கள். கால் பங்கு பீன்ஸை மத்தால் மசித்துச் சேர்த்தால் கிரேவி கெட்டிப்படும், ரொட்டி ஊறிச் சரியாது.

மட்டன் செய்கிறவர்கள் ஒரு கிலோவுக்கு 40 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம், கறியே கொழுப்பு விடும். முதல் நாளே சமைத்து இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தால் மட்டன் கொழுப்பு மேலே வெள்ளையாக உறையும், வழித்து எடுத்துவிடலாம். பெரிய பாத்திரத்தோடு வைக்காதீர்கள், நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருந்து கெட்டுப்போகும். 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் அகலமான தட்டுகளில் ஊற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைக்கவும். மறுநாள் நடுப்பகுதி 75 டிகிரியைத் தாண்டும்வரை கொதிக்கவிட்டுப் பரிமாறுங்கள்.